கஞ்சாவுக்கு வரி சரி, காசு யாருக்கு?

கஞ்சா எண்டாலே எங்கட பக்கம் கதை பொலிசில தொடங்கி பொலிசிலயே முடிஞ்சிடும். கஞ்சாக் கடைக்கு எவ்வளவு வரி போடலாம் என்று ஒரு நகரமே வாக்களித்தது என்றால் நம்புவீங்களா?

2009 ஜூலையில் கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகரில் அது நடந்தது. மருத்துவத் தேவைக்குக் கஞ்சா விற்ற கடைகள் அதுவரை 1000 டொலர் வருமானத்துக்கு 1.20 டொலர்தான் வரி கட்டின. அதை 18 டொலராக்க ‘மெஷர் எஃப்’ என்ற பிரேரணை வந்தது. வாக்களித்தவர்களில் 80 சதவீதமானோர் ஆம் என்றார்கள். கட்டப்போற கடைக்காரரே அந்த வரிக்கு ஆதரவாக நின்றார்கள். அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் கஞ்சா அப்பவும் குற்றம்தான். ஆனால் வரி கட்டுறவனை நகரசபை லேசில துரத்தாது. வரி ரசீது அவர்களுக்கு ஒரு கவசம்.

அந்த வாக்கெடுப்பை நாங்கள் வரவேற்கிறோம். எங்கட நாட்டில சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் வரி கூட்டேக்க ஆர் எங்களிட்ட வோட்டுக் கேட்கினம்? ஆனால் ஒக்லண்ட் வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி இல்லை: இந்தக் காசு யாருக்கு?

கலிபோர்னியாவில் பொது நிதிக்குப் போகிற உள்ளூர் வரிக்குப் பாதிக்கு மேல் வாக்கு போதும். இன்ன வேலைக்குத்தான் என்று ஒதுக்கும் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நகரசபை லேசான வழியை எடுத்தது. காசு பொது நிதிக்குப் போனது. கிடைத்த 80 சதவீதமோ மற்ற வழிக்கும் தாராளமாகப் போதும்.

இதில என்ன பிழை எண்டு கேட்பீங்கள். 2015இல் அதே நகரில் கஞ்சாவுக்காகக் கைதானவர்களில் 77 சதவீதம் கறுப்பின மக்கள், வெள்ளையர் 4 சதவீதம். ஒரு தெருவில அனுமதிப்பத்திரத்தோட கடை, அடுத்த தெருவில அதே சரக்குக்குக் கைவிலங்கு.

2017இல்தான் நகரசபை கண் திறந்தது. கஞ்சா வழக்கில் தண்டிக்கப்பட்ட அல்லது கைதுகள் குவிந்த பகுதிகளில் வாழ்ந்த, வருமானம் குறைந்த நகரவாசிகளுக்கு முதற்கட்டத்தில் பாதி அனுமதிப்பத்திரங்களை ஒதுக்கியது. வட்டியில்லாக் கடன் திட்டமும் வந்தது. நல்ல விசயம்தான். ஆனால் வரி வந்து எட்டு வருசம். முதல் உள்ளவர்கள் அதுக்குள்ள கடையை நிமிர்த்திவிட்டார்கள்.

2009இல் நகரசபை பெரிய பற்றாக்குறையில் இருந்தது என்பது உண்மை. முழு வரியையும் ஒதுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஒரு பங்கையாவது, இதே கஞ்சாவுக்காக மறியலுக்குப் போன ஆக்களுக்கு என்று வாக்குச்சீட்டிலேயே எழுதியிருக்கலாம். நேற்றுவரை குற்றமாக இருந்த வியாபாரத்தில் நாளைக்கு எந்த ஊர் வரி எடுக்க வந்தாலும், எவ்வளவு எண்டு கேட்கிற அதே தாளில ஆருக்கு எண்டும் கேட்கவேணும். பிறகு பாப்பம் எண்டால் அந்தப் பிறகு எட்டு வருசம் கழிச்சுத்தான் வரும்.