கடன் கொடுத்தவருக்கும் பொறுப்பு வேண்டும்

2024 அக்டோபரில் நான்கு நிதி நிறுவனங்கள் புதிய கடன் வழங்குவதற்கு இந்திய ரிசர்வ் வங்கி தடை விதித்தது. அளவுமீறிய வட்டி ஒரு காரணம். நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் வருமானத்தையும், அது ஏற்கெனவே கட்டிவரும் தவணைகளையும் விதிப்படி கணக்கில் கொள்ளாதது மற்றொன்று. ஏற்கெனவே கொடுத்த கடன்களை வசூலிக்கத் தடையில்லை என்றும் அதே உத்தரவு சொன்னது. மூன்று மாதங்களுக்குள் நான்கு தடைகளும் விலகின. விதிமீறலின் சுமையைத் தாங்கிய கடன்தாரர்களுக்கு அந்த உத்தரவில் எந்த நிவாரணமும் இல்லை.

ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022ஆம் ஆண்டின் விதி. நல்ல விதிதான். ஆனால் அந்த வருமானத்தைப் படிவத்தில் நிரப்புவது, கடன் கொடுத்தாக வேண்டிய இலக்கோடு வரும் களப்பணியாளர். ஒரு நுண்கடன் குழுவின் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் கடன் வாங்கும் வீடுகள் தமிழகத்தின் எந்த ஊரிலும் உண்டு. குழுவில் ஒருத்தி கட்டத் தவறினால் உடன் இருப்பவர்களே அவள் வாசலில் போய் நிற்க நேர்கிறது. படிவத்தில் எழுதிய பொய்க் கணக்குக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

சட்ட, நிதி அறிஞர்கள் இதற்கான தீர்வுகளை முன்பே சொன்னார்கள். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 2013இல் நிதி நுகர்வோருக்கெனத் தனிக் குறைதீர்ப்பு அமைப்பைப் பரிந்துரைத்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தகுந்த நிதிச் சேவையே வழங்கப்பட வேண்டும், அது சட்டம் காக்கும் உரிமையாக வேண்டும் என்று 2014 ஜனவரியில் நசிகேத் மோர் குழு சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் தன் வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தில் சேர்த்தது. சாசனம் சட்டமாகவில்லை.

மாநில அரசால் இதைச் சரிசெய்ய முடியுமா? கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் 2003 முதல் நம்மிடம் இருக்கிறது. அடாவடி வசூலைத் தண்டிக்கும் சட்டம் 2025இல் வந்தது. ஆனால் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிதி நிறுவனங்களுக்கு மாநிலங்களின் வட்டித்தொழில் சட்டங்கள் பொருந்தா என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும்.

தென்னாப்பிரிக்கா 2005இலேயே வழிகாட்டிவிட்டது. திருப்பிக் கட்டும் சக்தியை ஆராயாமல் கொடுத்த கடனைப் ‘பொறுப்பற்ற கடன்’ என்கிறது அந்நாட்டின் தேசியக் கடன் சட்டம். அத்தகைய கடனை முழுதாகவோ பகுதியாகவோ நீதிமன்றம் ரத்து செய்யலாம்.

கெடுபிடி கூடினால் ஏழைக்குக் கடனே கிடைக்காது என்று நிறுவனங்கள் வாதிடும். 2010இல் நுண்கடனைக் கட்டுப்படுத்த ஆந்திரம் அவசரச் சட்டம் கொண்டுவந்ததும் அங்கே அது முடங்கியது உண்மை. அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நாம் கேட்பது வசூலுக்குத் தடையல்ல, வட்டிக்கு உச்சவரம்பும் அல்ல. கடன் தகவல் நிறுவனங்களின் பதிவைப் பார்த்து, உண்மையான வருமானத்தைக் கேட்டுக் கடன் கொடுத்தவருக்கு நாம் கேட்கும் சட்டத்தால் இழப்பில்லை.

விதியை மீறிக் கொடுத்த கடனுக்கு வட்டி கேட்கும் உரிமை பறிபோக வேண்டும். விசாரித்தே கொடுத்தோம் என்று நிரூபிக்கும் கடமை நிறுவனத்துக்கே இருக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்காகத் தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றிக் குரல் கொடுக்க வேண்டும்.