மூலம் என்று நாமே முடிவு கட்டலாமா?



மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் பற்றி நம் பெண்கள் இன்று ஓரளவு பேசுகிறார்கள். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பற்றி மட்டும் பேச்சே இல்லை. அது ஆண்களுக்கு வருவது என்று நினைப்பவர்களும் உண்டு. 2022ஆம் ஆண்டின் உலகக் கணக்கிலோ, பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகம், நுரையீரலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். நம் நாட்டில் விகிதம் குறைவு என்பது உண்மையே. ஆனால் குறைவு என்றால் வராது என்று அர்த்தமல்ல.

இந்நோய் பெண்களை எளிதில் ஏமாற்றிவிடும். மலத்தில் ரத்தம் கண்டால் மூலம், உடம்புச் சூடு என்று சொல்லி, வெந்தயமும் மோருமாக மாதங்களைக் கடத்திவிடுகிறோம். குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருந்தால் ரத்தம் மலத்தோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இவ்வகை சற்று அதிகம். களைப்பு, மூச்சிரைப்பு என்று போனால், மாதவிலக்கின் மேல் பழி போட்டு இரும்புச்சத்து மாத்திரையோடு திரும்பி வருகிறோம். மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கும் ரத்தம் குறைந்தால், அது எங்கே போகிறது என்று கேட்க வேண்டாமா?

தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் கொழுந்து பறிப்பவருக்கும், சித்தூர்ப் பக்கம் வயலுக்குப் போகிறவருக்கும் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி நஷ்டம். ஆண் மருத்துவர், மலையாளத்தில் பேச வேண்டும் என்ற கூச்சம் வேறு. மலம், ரத்தம் இரண்டும் மலையாளத்திலும் அதே சொற்கள்தான். 2015 செப்டம்பரில் போனசுக்கும் கூலிக்குமாக மூணாறு வீதியை மறித்து, ஆண் தலைவர்களையே ஒதுங்கி நிற்கச் சொன்ன 'பெம்பிளை ஒருமை' பெண்கள் நம்மவர்கள். அந்தத் துணிவு மருத்துவர் முன்னாலும் வேண்டும்.

அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையே முதன்மையாகத் தேடுகிறது. குடலைப் பற்றி யாரும் வீடு தேடி வந்து கேட்கப்போவதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். மலத்தில் ரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலப்போக்கு, காரணமில்லாத எடைக்குறைவு, மாத்திரைக்கும் அடங்காத ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்டுங்கள். தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ரத்தம் போவதெல்லாம் புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் மூலமாகவே இருக்கும். ஆனால் அதைப் பரிசோதனை சொல்லட்டும். குடலில் தோன்றும் சில சிறு வளர்ச்சிகளே பல ஆண்டுகளில் புற்றாக மாறுகின்றன. கொலோனோஸ்கோபியில் அவற்றைக் கண்டு அப்போதே அகற்றிவிடலாம். புற்றாகிவிட்டாலும், ஆரம்ப நிலையில் அறுவை சிகிச்சையால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விழாவில் ஒரு பெண் மருத்துவருக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஊருக்கு இரண்டு பெண்களாவது, கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குச் செல்ல முன்வரட்டும். கோட்டயமோ திருச்சூரோ, தேனியோ கோவையோ, தனியாகப் போகத் தயங்குகிறவர் துணை இருந்தால் கிளம்பிவிடுவார். மகளிர் அணி இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.