கொடி விழும் நேரத்தைக் குறிப்பவர் யார்?

2012 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயம் 61 சுற்றுகள் கொண்டது. முடிந்ததோ 59 சுற்றுகளில். இதில் கோயம்புத்தூருக்கும் ஒரு பங்கு உண்டு. நரேன் கார்த்திகேயனின் கார் தடுப்புச் சுவரில் மோதி நிற்க, பாதுகாப்புக் கார் ஓடுதளத்துக்குள் வந்தது. சற்று நேரத்தில் மைக்கேல் ஷூமாக்கர் முன்னே சென்றவரின் காரில் பின்னாலிருந்து மோத, அது மறுபடியும் வந்தது. பாதுகாப்புக் காரின் பின்னே வண்டிகள் ஊர்ந்துதான் செல்ல வேண்டும். கடிகாரம் தன் போக்கில் ஓடும். இரண்டு மணி நேரம் நிறைந்தது, கட்டமிட்ட கொடி விழுந்தது, செபாஸ்டியன் வெட்டல் வென்றார்.

பாலக்காடு–பொள்ளாச்சிச் சாலையில் அமைந்த எலப்புள்ளிப் பக்கத்துத் தமிழர்களுக்குக் கோவை அயலூரன்று, நரேனும் அயலாரல்லர். அவர்களுக்கு நன்கு பழக்கமான கொங்கு நாட்டு ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரத்தை முதலில் வரையறுத்துவிடுவர். அதனை எந்தக் காளைகள் குறைந்த நேரத்தில் கடந்தன என்பதே பிறகு அளக்கப்படும். ஃபார்முலா ஒன்னுக்கும் இலக்கணம் இதுவே: மொனாக்கோ நீங்கலாக ஏனைய இடங்களில் 305 கிலோமீட்டரைத் தாண்டும் அளவுக்குச் சுற்றுகள் வகுக்கப்படுகின்றன. ஆனால் கடிகாரம் குறுக்கிடும் நாளில் தூரம் பின்வாங்கிவிடுகிறது.

நேர வரம்பே கூடாது என்பது இங்கு வாதமன்று. ஓட்டுநரின் உடலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒளிபரப்பு நிறுவனமும் முடிவற்ற நேரத்தை ஒதுக்க இயலாது. பழுது இருப்பது மறுமுனையில், பந்தயம் தொடங்கும் நேரத்தில்.

2009 ஏப்ரலில் மலேசியாவின் செப்பாங்கில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். முந்தைய ஆண்டு பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கிய பந்தயம், ஐரோப்பிய நேயர்களின் வசதிக்காக மாலை 5 மணிக்குத் தள்ளப்பட்டது. அந்நாட்டில் மாலைதான் இடியும் மழையும் இறங்கும் வேளை என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். மழை கொட்டியது, செங்கொடி காட்டப்பட்டது, வானம் வெளுக்கக் காத்திருந்தபோது பொழுது சாய்ந்தது. கிமி ரைக்கோனன் ஆடை மாற்றிக்கொண்டு ஐஸ்கிரீம் உண்ட காட்சிதான் அன்றைய தினத்தின் மிக நேர்மையான விமர்சனம்! 56 சுற்றுகளில் 31 மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. வென்ற ஜென்சன் பட்டனுக்குப் பத்துப் புள்ளிகளுக்குப் பதில் ஐந்தே கிடைத்தன. இரண்டு மணி நேரம் முன்னதாகத் தொடங்கியிருந்தால், மழை நின்றபின் ஓடுவதற்குப் பகலாவது எஞ்சியிருக்கும்.

வரம்பு வெற்றியாளரையே மாற்றிவிடக்கூடும் என்பதற்கு 2011இன் கனடா பந்தயத்தைக் காட்டலாம். மழையால் நெடுநேரம் நிறுத்தப்பட்டு, 4 மணி 4 நிமிடம் 39 விநாடிகளில் அது முடிந்தது. ஒரு கட்டத்தில் கடைசி இடத்துக்குப் போய்விட்ட பட்டன், இறுதிச் சுற்றில் வெட்டல் சறுக்கிய கணத்தில் முந்தி வென்றார். இப்படி நீள்வதைத் தடுக்க, நிறுத்தங்களையும் சேர்த்து நான்கு மணி நேரம் என்ற வரம்பு அடுத்த ஆண்டே வந்தது. 2021இல் அது மூன்றாகக் குறைந்தது. நான்கு மணி வரம்பு அன்றே இருந்திருந்தால் வெற்றி வெட்டலுடையது. இரசிகர்கள் இன்றும் பேசி மகிழும் அந்த முடிவு, விதிப்படி நிகழ்ந்தே இராது.

இது வெறும் புள்ளிக்கணக்கு மட்டுமன்று. 2014 அக்டோபரில் ஜப்பானின் சுசுகாவில், சூறாவளி நெருங்கும் நாளிலும் பந்தயம் பிற்பகல் 3 மணிக்கே தொடங்கியது. மழையிலும் மங்கும் ஒளியிலும் ஜூல்ஸ் பியாங்கியின் கார், பழுதான வேறொரு காரை அகற்றிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் மோதியது. அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் இறந்தார். விபத்தை ஆராய்ந்த பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பின் குழு, பல பரிந்துரைகளோடு இதையும் சேர்த்தது: இரவுப் பந்தயங்கள் தவிர்த்து ஏனையவை, சூரியன் மறைவதற்கு நான்கு மணி நேரமாவது முன்னதாகத் தொடங்கவேண்டும்.

இரவுப் பந்தயம் என்ற விதிவிலக்கும் கவனிக்கத்தக்கது. சிங்கப்பூரில் இரவு 8 மணி என்பது எலப்புள்ளியில் மாலை 5.30, பாரீஸில் பிற்பகல் 2. ஐரோப்பியர் உணவுக்குப் பின் அமர்ந்து காண்பதற்கு ஒரு நகரம் முழுவதும் விளக்கேற்றிக்கொள்கிறது. விளக்கேற்றும் செலவைத் தாங்குவோர் தாங்கட்டும். அது இல்லாத களங்களில் கதிரவனுக்குக் கட்டுப்படுவதைத் தவிர வேறு வழியில்லை.

2011 அக்டோபர் 30 அன்று நொய்டாவுக்கு அருகே புத் களத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தபோதும் தொடக்கம் பிற்பகல் 3 மணிக்குத்தான். அப்பருவத்தில் அங்கே ஐந்தரை மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். வானம் தெளிவாக இருந்ததால் தொல்லை எழவில்லை. நரேனும் அன்று ஓடினார். 2013க்குப் பின் அப்பந்தயம் நின்றுபோனது. அது மீண்டும் அக்டோபரில் வருமானால், நான்கு மணி நேரக் கணக்கின்படி பகல் ஒன்றரைக்காவது தொடங்கவேண்டும். அப்போது பாரீஸில் காலை நேரம். ஒளிபரப்பு உரிமைக்குப் பணம் கட்டியவர்கள் அதற்கு இசைவார்களா என்பதை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.