ஊராட்சித் தலைவருக்கு வடிகால் பாடம் வேண்டும்

வைகாசி பிறந்துவிட்டால் மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்பதுதான் நம் பகுதியில் பேச்சு. தண்ணீர் வருமா என்று கவலைப்படுகிற நாம், வந்த தண்ணீர் வெளியேறுமா என்று யோசிப்பது ஐப்பசி, கார்த்திகையில் பயிர் மூழ்கிய பிறகுதான். 2022 நவம்பர் 11-ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தனை மழையை எந்த வடிகாலும் உடனே வாங்கிக்கொள்ளாது. ஆனால் அதில் கால் பங்கு மழைக்கே ஒரு வாரம் தண்ணீர் தேங்குகிற ஊர்கள் டெல்டாவில் ஏராளம். அதற்கு வானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நட்டு இருபது நாள் ஆன சம்பாப் பயிர் குருத்து மூழ்கி ஒரு வாரம் கிடந்தால் அழுகிவிடும். மறு நடவுக்கு நாற்றுக் கிடைத்தாலும் பருவம் தப்பிப் போகும். மூன்று மா, நான்கு மா வைத்திருப்பவர் அந்த ஆண்டு கடனாளிதான்.

ஆறுகளும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத் துறையிடம் உள்ளன. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஊர்க்குளமும் குட்டையும் ஊராட்சியின் பொறுப்பு. ஊருக்குள் ஓடும் சிறு வடிகால் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். முன்பு கர்ணத்துக்கு அது தெரிந்திருந்தது. 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிக்கப்பட்டது. ஒழிந்தது நல்லதே, அதில் நடந்த அநியாயங்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களோடு வாய்க்கால் பற்றிய ஞாபகமும் போயிற்று. அந்த இடத்துக்கு யார் வந்திருக்க வேண்டும்? நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினர்களும்தான்.

சட்டம் அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 இனங்களைப் பட்டியலிட்டது. மண் பாதுகாப்பு, சிறு பாசனம், நீர் நிர்வாகம், சமூகக் காடு வளர்ப்பு எல்லாம் அதில் உண்டு. அதையொட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996-இல் தேர்தல் நடந்தது. பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. மறைமலைநகரில் மாநில நிலையம், நமக்குப் பக்கத்தில் பட்டுக்கோட்டையில் மண்டல நிலையம். குறை எங்கே என்றால், சுற்றுச்சூழல் என்றதும் மரக்கன்று நடுவதும் பிளாஸ்டிக் பை ஒழிப்பதும்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. அவை வேண்டாதவை அல்ல. ஆனால் நெல் விளையும் ஊரில் சுற்றுச்சூழல் என்பது முதலில் தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும்தான்.

இதை வகுப்பறையில் கற்பிக்க முடியாது. சித்திரை, வைகாசியில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது, கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு தலைவரை வடிகாலின் கடைசி வரை நடத்திக் கூட்டிப் போக வேண்டும். புல எண் என்ன, புறம்போக்கு எத்தனை அடி அகலம், இப்போது எத்தனை அடி இருக்கிறது என்று சங்கிலி பிடித்து அளக்க வேண்டும். பத்தடி வடிகாலின் குறுக்கே சாலை போடும்போது இரண்டடிச் சிமெண்டுக் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டுப் போகிறார்கள். கோடையில் பார்த்தால் அது போதும்போலத் தோன்றும். கார்த்திகையில் அதுவே அணைக்கட்டாகிவிடும். குழாயா, பாலமா என்று கேட்க வேண்டிய நேரம் மதிப்பீடு போடும்போது. அந்த நேரத்தில் கேட்கத் தெரிந்த தலைவர் இருந்தால் ஐம்பது ஏக்கர் பிழைக்கும்.

தூர் வாருவதும் அப்படித்தான். மேலே கிடக்கும் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போட்டுவிட்டுத் தூர் வாரியாயிற்று என்று கணக்கு எழுதுகிறவர்கள் உண்டு. தொடங்குமுன் ஆழம் என்ன, முடிந்தபின் என்ன என்று இரண்டு தடவை அளந்தால் இந்த வித்தை பலிக்காது. அதற்காக அளவுக்கு மீறித் தோண்டினாலும் கெடுதல். பாசன வாய்க்காலின் தரை மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டால் தண்ணீர் வயலுக்கு ஏறாது. நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டினால் போதாது, வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டிய துண்டைக் கரை ஈரத்தில் போட்டால் அதுவும் துளிர்த்துவிடும். ஆகாயத்தாமரையின் விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். ஆகவே பூக்குமுன் அகற்ற வேண்டும். இவற்றைச் சொல்லிக் கொடுக்க வெளியூர் நிபுணர் தேவையில்லை. தஞ்சை காட்டுத்தோட்டத்தில் மண் நீர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. துவாக்குடியில் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் 1984 முதல் நடக்கிறது. ஓய்வு பெற்ற லஸ்கர் ஒருவரைக் கூப்பிட்டால் அரை நாளில் பாதிப் பாடத்தை முடித்துவிடுவார்.

2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017-இல் மக்கள் போராடியதை மறந்துவிட்டு அந்தச் சட்டத்தைப் பேச முடியாது. அது பெரிய ஆலைகளுக்கும் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கும் தடை போட்டது. தெருக்கோடியில் வடிகாலின் மேல் எழும்பும் சுற்றுச்சுவருக்கு அது தடை போடாது. அதை ஊர்தான் தடுக்க வேண்டும்.

ஊராட்சிக்குப் பலம் உண்டா என்றால், கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் பெருமாட்டி ஊராட்சியைப் பார்க்கலாம். பிளாச்சிமடையில் நிலத்தடி நீரை உறிஞ்சிய கோக்கோ கோலா ஆலைக்கு 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்க அந்த ஊராட்சி மறுத்தது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. 2004-இல் ஆலை நின்றது. நம் பக்கத்தில் நாகைக் கடலோரத்து நெல் வயல்கள் இறால் பண்ணைகளாக மாறியபோது சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பரில் தீர்ப்புப் பெற்றார். விளைநிலத்தை இறால் பண்ணையாக்கக் கூடாது என்பது பின்னர் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு நெறிமுறைகளிலும் இடம் பெற்றது. இப்படி ஒரு விதி இருப்பது தெரிந்த தலைவர், மனு வந்த அன்றே புல எண்ணோடு ஆட்சேபம் எழுதுவார். தெரியாதவர் பண்ணைக்குத் தண்ணீர் ஏற்றிய பிறகு மறியலுக்கு வருவார்.

பெண் தலைவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 தேர்தலில் பாதி இடங்கள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. மூன்று நாள் வெளியூரில் தங்கிப் படிக்கச் சொன்னால், வீட்டையும் மாட்டையும் விட்டு எத்தனை பேர் வருவார்கள்? கணவர் வந்து நாற்காலியில் உட்காருவார். ஆகவே பயிற்சி உள்ளூர் வாய்க்கால் கரையில், காலை நேரத்தில் நடக்கட்டும். களை பறிக்கும் பெண்களுக்கு எந்த மடையில் தண்ணீர் தேங்கும் என்பது ஏற்கெனவே தெரியும். ஊராட்சிச் செயலாளரையும் அதே நடைக்குக் கூட்டிப் போக வேண்டும். 2019-இல் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர்கள் இல்லாத காலத்திலும் நோட்டுப் புத்தகம் செயலாளர் கையில் இருக்கும்.

வடிகாலை வளைத்தவரே தலைவரின் மைத்துனராக இருந்தால் பயிற்சி என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பயிற்சி யாரையும் யோக்கியராக்காது. ஆனால் அளந்து எழுதிய கணக்கு கிராமசபையில் வாசிக்கப்பட்டால், மைத்துனரின் பெயரைச் சொல்ல ஒருவருக்காவது துணிவு வரும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராமசபைக்கு உழவர் பெருமக்கள் அவசியம் போக வேண்டும். ஊரின் ஒவ்வொரு வடிகாலின் பெயர், புல எண், பதிவேட்டில் உள்ள அகலம், இன்றைய அகலம் ஆகியவற்றை வாசிக்கும்படி கேளுங்கள். பதிவேடு இல்லை என்று பதில் வந்தால், அதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஜூன் 12-க்கு அப்போது இன்னும் 82 நாள் இருக்கும். ஒரு ஊரின் வடிகால்களை நடந்து அளக்க நான்கு நாள் போதும்.