துப்பாக்கிக்கு 64 எம்பியா? அநியாயம் மக்கா!

செம்பூர், மாட்டுங்கா, தாராவி வாழ் பெற்றோர்களே! "கேம் ஹேங் ஆகுது, புது கிராபிக்ஸ் கார்டு வேணும்"னு பையன் லேமிங்டன் ரோட்டுக்கு இழுக்கிறானா? பர்ஸைத் திறக்காதீங்க. அவன் போட்ட துப்பாக்கி மோடை எடுத்துட்டு ஆடச் சொல்லுங்க. நல்லா ஓடினா, குற்றவாளி கம்ப்யூட்டர் இல்லை.

கணக்கைப் பாருங்க. 4096-க்கு 4096 டெக்ஸ்சர் ஒண்ணு, சுருக்காம விட்டா 64 எம்பி. டிஎக்ஸ்டி5-ல சுருக்கினா 16. அளவையும் 2048-ஆ குறைச்சா வெறும் 4! திரை ஓரத்துல தெரியற துப்பாக்கிக்கு இது போதாதா?

ஜிப் பண்ணிட்டோம்னு சொல்லாதீங்க. அது டிஸ்குக்குத்தான் லாபம், ஆடும்போது விரிஞ்சுடும். டிஎக்ஸ்டிதான் கார்டு மெமரியிலயும் சுருங்கியே இருக்கும்.

2005-ல கம்ப்யூட்டருக்கு வந்த சான் ஆண்ட்ரியாஸ் 32 பிட் கேம். விண்டோஸ் அதுக்கு வழக்கமா ஒதுக்கறது 2 ஜிபிதான். இந்த மாதிரி பத்து டெக்ஸ்சர் ஒண்ணா ஏறினா 640 எம்பி காலி. 16 ஜிபி ராம் வாங்கிப் போட்டாலும் அந்த 2 ஜிபி வளராது.

"தரம் குறையுமே"ங்கிற மோடு மன்னர்களே, கொஞ்சம் குறையும்தான். பாதி ஆட்டத்துல கேம் செத்துப்போறது மட்டும் தரமா? சுருக்கிட்டு வெளியிடுங்க. பத்துக்குப் பத்து அறையில குடித்தனம் நடத்தறவனுக்குத்தான் இடத்தோட அருமை தெரியும்!