அரைச் சிப்பாய்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், ஒன்பதாம் வகுப்பில் தேசப்படத்தை மாட்டி வைத்துப் பருவக்காற்றைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி மாதத்தில் பருவக்காற்றைப் பற்றிப் பாடம் நடத்துவதைப் போல் வேண்டாத வேலை வேறொன்றில்லை. குமுளி மலையைத் தாண்டி அதுவே நேரில் வந்து, ஜன்னல் கதவைப் படாரென்று சாத்தி, தேசப்படத்தைச் சுருட்டி வாத்தியாரின் முகத்தில் அறைந்து, தன்னைப் பற்றித் தானே பாடம் நடத்திவிடும்.

அன்று காற்று சற்று ஓய்ந்திருந்தது. மேகம் விலகிய இடத்தில் ஆகாய விமானம் ஒன்று மேற்கு மலைகளைத் தாண்டிப் போயிற்று. நாற்பது தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், ஏரோப்ளேன் ஓட்டுறவரு பட்டாளத்துக்காரரா, இல்லே நம்ம பஸ் டிரைவர் மாதிரியா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. "அது பிரயாணிகள் விமானம். ஓட்டுகிறவர் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர். பட்டாளம் வேறு, இது வேறு" என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் என்னை உறுத்தத் தொடங்கியது. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு முழு உண்மை சொன்ன பாவனையில் நின்றுவிட்டேன். எங்கள் ஊர்ப் பையனிடம் அப்படிச் சொல்லியே இருக்கக் கூடாது. அவன் குடிக்கும் தண்ணீரும் அவன் வீட்டு நெல்லும் யாரால் வந்தன? 1895-இல் திறந்து வைக்கப்பட்ட பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் கணக்குப் போடும் எஞ்சினீயராக மாத்திரமா இருந்தார்? சென்னை ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த அதிகாரி அவர். அவருடைய படத்தைக் கடையிலும் கூடத்திலும் மாட்டி வைத்திருக்கும் ஊரில் நின்றுகொண்டு, "பட்டாளம் வேறு, இது வேறு" என்று நான் கோடு கிழித்தேன்!

விமானி விஷயத்தில் அந்தக் கோடு ஒரு நாளும் நேராக இருந்ததில்லை. இந்திய விமானப்படை சட்டப்படி பிறந்தது 1932 அக்டோபர் 8-ஆம் தேதி. சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 15-ஆம் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா ஒரு சிறு விமானத்தில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தார். படையும் வியாபாரமும் நம் தேசத்தில் ஒரே வாரத்துப் பிள்ளைகள். அந்தத் தபாலைப் பம்பாயில் வாங்கிக்கொண்டு பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அவர் பிரிட்டிஷ் விமானப்படையிலிருந்து விலகி வந்தவர். ஆகவே, சென்னைக்கு முதல் டாட்டா விமானத் தபாலைக் கொண்டுவந்த கையே ஒரு பழைய சிப்பாயின் கைதான். அந்த மனிதர் 1942-இல், யுத்த காலப் பிரயாணம் ஒன்றில் விமானத்தோடு மறைந்துபோனார்.

1939-இல் யுத்தம் வந்தபோது சர்க்காரின் கண் நேரே பறப்புக் கழகங்களின் மீதும் விமானக் கம்பெனிகளின் மீதும் விழுந்தது. அன்று இந்திய விமானப்படை மிகச் சிறியது. காவல் காக்க வேண்டிய கடற்கரையோ மிக நீளம். எனவே தொண்டர் ரிசர்வ் படை ஒன்றை ஏற்படுத்தினார்கள். விமானம் ஓட்டத் தெரிந்த சிவிலியன்கள் அதில் சேர்ந்தார்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி ஆகிய துறைமுகங்களுக்குக் கரையோரக் காவல் அணிகள் அமைந்தன. சென்னை அணிக்குப் பரங்கிமலை நிலையமாயிற்று. 1914-இல் எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டதைச் சென்னைவாசிகள் அப்போது மறந்திருக்கவில்லை.

விமானங்கள்? பழைய வாபிடி விமானங்கள் சில இருந்தன; அவற்றுக்கும் உதிரி பாகம் கிடைக்காமல் தொல்லை. ஆகவே பிரயாணிகள் ஏறிக்கொண்டிருந்த விமானங்களையே எடுத்துக்கொண்டார்கள். கல்கத்தா அணியினர் அட்டலாண்டா என்னும் நான்கு எஞ்சின் பிரயாண விமானங்களில் சுந்தரவனத்தின் முகத்துவாரங்களைச் சுற்றிப் பார்த்தனர். நம் மலைக்கு அந்தண்டைப் பக்கம் கொச்சியில் இருந்த அணிக்குக் கிடைத்தது டி ஹாவிலண்ட் 86 ரகத்தில் ஒரே ஒரு விமானம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மலையாளக் கரையையும் கன்னியாகுமரிக்கு மேற்கேயுள்ள கடலையும் காவல் காத்தார்கள். நேற்றுவரை சீமான்கள் கால் நீட்டி உட்கார்ந்து சென்ற ஆசனங்களின் இடத்திலிருந்து எதிரிக் கப்பலைத் தேடினார்கள். வண்டி மாறவில்லை, ஓட்டியும் மாறவில்லை. உத்தரவு மாத்திரம் மாறிற்று. பின்னர் இந்த அணிகள் கலைக்கப்பட்டன. அவற்றிலிருந்தவர்கள் போர் அணிகளுக்குப் போனார்கள். எங்களுக்குச் சமீபத்திலுள்ள மதுரை விமான நிலையமும் அந்த யுத்தத்தில் பட்டாள விமானங்களுக்காக ஏற்பட்டதுதான். இன்று கலியாணத்துக்கும் வியாபாரத்துக்கும் போகிறவர்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் இடம் அது.

ஆனால் உத்தரவு மாறினால் போதுமா? யாருடைய உத்தரவு என்ற கேள்வி இல்லையா? இந்தக் கேள்வியைத் தன் வாழ்க்கையிலேயே எதிர்கொண்டவர் பிஜு பட்நாயக். பிற்காலத்தில் ஒரிஸ்ஸாவின் முதல் மந்திரியாக இருந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் யாராக இருந்தார் என்பது நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் அவ்வளவாக இல்லை.

1916-இல் கட்டாக்கில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். (இதைப் படிக்கும் பையன்கள் இந்த ஓர் அம்சத்தை மட்டும் பின்பற்ற வேண்டாம் என்று வாத்தியார் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.) இந்தியன் நேஷனல் ஏர்வேஸ் கம்பெனியில் விமானியானார். யுத்தம் வந்ததும் கம்பெனி விமானி பட்டாளத்துக்காகப் பறக்க வேண்டியவரானார். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது, ரங்கூனிலிருந்து பிரிட்டிஷ் குடும்பங்களை ஏற்றி வந்த விமானிகளில் அவரும் ஒருவர்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். ரங்கூன் என்றால் நமக்கு வெறும் தேசப்படத்துப் புள்ளியல்ல. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், கடை வைத்தவர்களும், லேவாதேவி நடத்தியவர்களும் என எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அங்கே இருந்தன. விமானத்தில் இடம் வெள்ளைக்காரர்களுக்கு முதலில். நம்மவர்கள் லட்சக்கணக்கில் காட்டு வழியே நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் வழியில் விழுந்தவர்கள் பல்லாயிரவர். மேலே விமானத்தின் சப்தம். கீழே பிள்ளையைத் தோளில் சுமந்து நடக்கும் தகப்பன். இந்திய விமானி ஒருவனுக்கு அந்த மாதங்களில் தன் உத்தியோகம் எப்படித் தோன்றியிருக்கும்? ஏற்றி வந்தவர்களும் மனிதர்கள், அவர்களுடைய குழந்தைகளும் குழந்தைகள்தாம். அவர்களைக் காப்பாற்றியது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. யாரை விட்டுவிட்டு என்பதுதான் நெஞ்சில் முள்.

பட்நாயக் வேலையை விட்டுவிடவில்லை. அதே வேலையை வேறொரு காரியத்துக்கும் பயன்படுத்தினார். ஆகஸ்டுப் போராட்டத்தில் தலைமறைவாயிருந்த தலைவர்களை விமானத்தில் இரகசியமாக ஏற்றிச் சென்றார். அருணா ஆசப் அலி, ராம் மனோகர் லோகியா முதலியோர் அவ்வாறு சென்றவர்கள். பர்மாப் போர்முனையில் இந்திய சிப்பாய்களுக்குத் துண்டுப் பிரசுரங்களையும் போட்டார். எரிபொருள் சர்க்காருடையது, மூட்டை தேசத்துடையது! 1943-இல் குட்டு வெளிப்பட்டது. ஏறக்குறைய இரண்டரை வருஷம் சிறைவாசம்.

சம்பளம் வாங்கிய இடத்துக்கு அவர் துரோகம் செய்தாரா? எங்கள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, "செய்து கொடுத்த சத்தியம் சத்தியந்தானே!" என்றார் கணக்கு வாத்தியார். நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. அந்நியன் வாங்கிய சத்தியம் அடிமையைக் கட்டுமா என்பது என் கட்சி. ஆயினும் அவர் கேள்வியைத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. நாற்பது உயிர்களை ஏற்றிக்கொண்டு பறக்கிறவன் தன் மனம் போனபடி உத்தரவைப் புரட்டலாம் என்றால், நானே அந்த விமானத்தில் ஏற மாட்டேன். பட்நாயக் அதற்குரிய விலையைக் கொடுக்கத் தயாராயிருந்தார், கொடுக்கவும் செய்தார்.

வெளியே வந்தவர் கலிங்கா ஏர்லைன்ஸ் என்னும் கம்பெனியை ஆரம்பித்தார். யுத்தம் முடிந்து மலிவாகக் கிடைத்த டகோடா விமானங்கள் அப்போது வானத்து மாட்டு வண்டிகளாயிருந்தன. 1947 ஜூலையில் டச்சுக்காரர்கள் இந்தோனேசியக் குடியரசின் மீது படையெடுத்தார்கள். அத்தேசத்தின் முன்னாள் பிரதம மந்திரி ஷரீரை வெளியே கொண்டுவர வேண்டும் என்று நேருஜி விரும்பினார். நம் சுதந்திரமோ இன்னும் மூன்று வாரம் தள்ளியிருந்தது. பட்நாயக் தம் டகோடாவில் போனார். மனைவி ஞானும் உடன் சென்றார் என்பார்கள். டச்சு விமானங்களின் கண்ணில் மண்ணைத் தூவி, ஷரீரை ஜாவாவிலிருந்து சிங்கப்பூர் வழியாக டில்லிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அடுத்த மாதம் ஷரீர் ஐக்கிய நாடுகள் சபையில் தம் தேசத்துக்காக வாதாடினார். இந்தோனேசியா பட்நாயக்குக்குப் 'பூமிபுத்திரர்' என்ற பட்டத்தைப் பின்னாளில் அளித்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். அதற்கு ஒரு வாரத்துக்குள் நடந்ததைச் சொல்வதில்லை. ஜூலை 29-ஆம் தேதி, பட்நாயக்கின் இன்னொரு டகோடா சிங்கப்பூரிலிருந்து யோக்யகர்த்தாவுக்குப் புறப்பட்டது. வி.டி. - சி.எல்.ஏ. என்பது அதன் எண். இந்திய விமானங்களுக்கு உரிய அந்த 'வி.டி.' எழுத்துகள் இன்றும் நம் விமானங்களின் மீது இருக்கின்றன. மலாயா செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மருந்துகளே சரக்கு. இறங்கப் போகிற சமயத்தில் டச்சுப் போர் விமானங்கள் அதைச் சுட்டன. நாங்கள் சுடவில்லை என்று டச்சுக்காரர்கள் சாதித்தார்கள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் மாண்டனர். ஓட்டியவர் கான்ஸ்டன்டைன் என்ற ஆஸ்திரேலியர். யுத்தம் முழுவதும் பிரிட்டிஷ் விமானப்படையில் போரிட்டுத் தப்பியவர், மருந்துப் பெட்டிகளைச் சுமக்கும் கம்பெனி விமானியாக இறந்தார். அவர் மனைவியும் அதில் இருந்தார். இந்தோனேசிய விமானப்படையை நிறுவியவர்களில் மூவர் அதில் போனார்கள். அவர்கள் பெயரை அத்தேசம் விமான நிலையங்களுக்கு வைத்திருக்கிறது. விமானத்தின் எஞ்சினீயர் ஓர் இந்தியர். பீடா ராம் என்று பெயர்.

அதே ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி காலை, டில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குச் சீக்கியப் படையின் முதல் பட்டாளத்தை ஏற்றிச் சென்றபோதும் விமானப்படையிடம் போதிய டகோடாக்கள் இல்லை. கம்பெனி விமானங்களையும் கம்பெனி விமானிகளையுந்தான் கூப்பிட்டார்கள். ஸ்ரீநகர் நிலையமோ சிறிய மண் திடல். இறங்கிய விமானம் கிளப்பிய புழுதி அடங்குமுன் அடுத்தது இறங்க வேண்டும். பட்நாயக்கும் அந்தக் காரியத்தில் பறந்தார். பிரிவினை அகதிகளை ஏற்றிப் பறந்ததும் இதே கூட்டந்தான். பின்னர் வடகிழக்கு எல்லையின் மலைக் காவல் நிலையங்களுக்கு அரிசியும் உப்பும் வானிலிருந்து போட்ட வேலையைப் பல ஆண்டுகள் கலிங்கா கம்பெனி செய்தது.

சுதந்திர இந்தியா இந்த ஏற்பாட்டை வெறும் நம்பிக்கையில் விட்டுவிடவில்லை. 1952-இல் ரிசர்வ், துணை விமானப்படைச் சட்டம் வந்தது. 1955-க்குப் பிறகு சென்னையிலும் 53-ஆம் எண் துணை அணி ஒன்று இருந்தது. வாரத்தில் வேறு உத்தியோகம் பார்ப்பவர்கள் சனி ஞாயிறுகளில் பட்டாளத்து விமானம் ஓட்டிப் பழகினார்கள். அந்த முறை பின்னால் நின்றுவிட்டது. ஆயினும் 1990-இல் குவைத்திலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியரை இரண்டு மாதங்களில் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பெரும்பாலும் ஏர் இந்தியாவின் விமானிகளே.

மறுநாள் வகுப்பில் இவ்வளவையும் சொன்னேன். வீரக் கதை கேட்டு மார்பை நிமிர்த்தியவர்களிடம், விமானியின் அன்றாட வாழ்க்கையையும் சொல்ல வேண்டியிருந்தது. கம்பெனி விமானியாவதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தலைமை விமானியின் உரிமத்துக்கு 1,500 மணி. வைத்தியப் பரிசோதனை விடாமல் துரத்தும். சரக்கின் எடை, எண்ணெயின் அளவு, காற்றின் வேகம் எல்லாம் கணக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு நீண்ட ஜாபிதாவை ஒருவர் படிக்க, இன்னொருவர் சரிபார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஆயிரம் தடவை செய்தவரும் ஆயிரத்தோராவது தடவை செய்ய வேண்டும். பையன்களின் மார்பு கொஞ்சம் தாழ்ந்தது. கணக்கு என்றதும் இரண்டு பேர் விமானியாகும் எண்ணத்தை அங்கேயே கைவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

கடைசிப் பெஞ்சுப் பையன் மறுபடியும் எழுந்தான்.

"அப்படின்னா அரைச் சிப்பாய்னு சொல்லலாமா, சார்?"

"சொல்லலாம்" என்றேன்.

அவன் உட்காரவில்லை. "அந்த மருந்து ஏரோப்ளேன்லே போனாரே, பீடா ராம், அவரு வீட்டுக்கு யாரு சார் பணம் கொடுத்தா? கம்பெனியா, சர்க்காரா?"

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பையன்கள் கலைந்து போனார்கள். அவன் மாத்திரம் பலகையைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.