பஞ்சத்தைத் தாங்கிய ஓட்டுப் பெட்டி

செஞ்சிப் பக்கம் உள்ள தளவானூரில் ஒரு குகைக் கோவில் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்தது. அவன் காலத்தில் பஞ்சம் வந்தால், ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்ற மக்களுக்கு வழி இல்லை.

1967-ல் வழி இருந்தது!

அதற்கு முன் நாட்டுக்கு அடிமேல் அடி. 1962-ல் சீனாவுடன் போர். 1965-ல் பாகிஸ்தானுடன் போர். அதே ஆண்டில் இங்கே இந்தி எதிர்ப்புப் போராட்டம், துப்பாக்கிச் சூடு. நேருவும் சாஸ்திரியும் பதவியில் இருக்கும்போதே மறைந்தார்கள். மழை பொய்த்தது. அரிசிக்கு மக்கள் அலைந்தார்கள். 1966-ல் ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டது.

ஆனாலும், 1967 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் தோற்றது. காமராஜரே தோற்றார். தோற்றவர்கள் பதவியை விட்டு இறங்கினார்கள். அண்ணா முதல்-அமைச்சர் ஆனார்.

கோபத்தைக் கொட்ட ஓட்டுப் பெட்டி இருந்தது. அதனால், கத்திக்கு வேலை இல்லாமல் போயிற்று.